திரும்புமுன் சொல்லுவோம்

செகாமாட், லாபிஸ், யோங் பெங், ஆயர் ஈத்தாம், கூலாய் என ஜொகூர் மாநிலத்தின் ஊடே செல்லும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையை நாம் நன்கு அறிவோம். அச்சாலையின் இருபுறமும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்குச் செம்மண் பாதைகள் பிரிகின்றன. அந்தப் பிரிவுகளில் திரும்பும்போது சிக்னல் விளக்குப் போடத்தான் வேண்டுமா என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு.

போடத்தான் வேண்டும். திரும்பினாலும் தடம் மாறினாலும் முன்கூட்டியே அறிவிப்பது ஓட்டுநரின் கடமை என்பது சாலை விதி.

தோட்டத்துக்குள் நாம் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கங்காணியின் மோட்டார் சைக்கிள் எந்த லயத்தில் நிற்கும், பால் லோரி எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் சொல்லாமலே விளங்கும். பெருஞ்சாலையிலோ நம்மை அறிந்தவர் எவருமில்லை. ஜொகூர் பாருவிலிருந்து சரக்கேற்றி வரும் லோரி ஓட்டுநருக்கு, மரங்களுக்கிடையே ஒரு பாதை இருப்பதே தெரியாது. நாம் நேரே போவோம் என்றே எண்ணி அவர் பின்னால் வருவார்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். நாம் மூன்று நொடி முன்னதாக விளக்குப் போட்டால், வேகத்தைக் குறைக்க அவருக்கு 75 மீட்டர் கிடைக்கிறது. திரும்பும் நேரத்தில் போட்டால் ஒன்றுமே கிடைப்பதில்லை. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை மறக்கலாகாது.

அந்நாளைய மோரிஸ் மைனர் கார்களின் பக்கவாட்டிலிருந்து சிறு கை ஒன்று வெளியே நீளும். இன்று அதன் வேலையை மின்னும் விளக்குச் செய்கிறது. கருவி மாறினாலும், பிறருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பும் கடமை மாறவில்லை.

ஆனால், விளக்குப் போட்டதாலேயே வழி நமக்கு உரியதாகிவிடாது. முதலில் கண்ணாடியில் பின்புறத்தைப் பார்ப்போம். விளக்குப் போடுவோம். பிறகு வேகத்தைக் குறைப்போம். திரும்புமுன் தோளுக்கு மேலாக மீண்டும் ஒருமுறை பார்ப்போம். எதிரே வண்டி வந்தால் காத்திருப்போம்.

திரும்பியபின் விளக்கை அணைப்பதும் அவசியம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அது தானாக அணைவதில்லை. அணைக்காமல் சென்றால், அடுத்த சந்தியில் நிற்பவர் நாம் அங்கே திரும்பப் போகிறோம் என்று நம்பிக் குறுக்கே வந்துவிடுவார். பொய்யான அறிவிப்பு, அறிவிக்காததைப் போலவே ஆபத்தானது.

சைக்கிளில் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு, திரும்பும் பக்கத்துக் கையை நீட்டிக் காட்டக் கற்றுக் கொடுப்போம். வெறிச்சோடிய தோட்டப் பாதையிலும் நாம் விளக்குப் போட்டே திரும்புவோமாக. அங்கே கைக்குப் பழகியதுதான் பெருஞ்சாலையில் நம் உயிரைக் காக்கும். இன்று மாலையே வண்டியின் நான்கு சிக்னல் விளக்குகளும் எரிகின்றனவா என்று வீட்டிலுள்ளோர் சேர்ந்து பார்த்துவிடுவோம்.