கடலில் முதல் படகு: வாங்கும் முன் அறிய வேண்டியவை
(கடலோர உழவர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



கடலூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கடலோர மாவட்டங்களில் ஒன்றிரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்போர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "மழை பொய்த்த ஆண்டில் நிலம் தரிசாகக் கிடக்கிறது. கடலோ ஒரு கல் தொலைவில் இருக்கிறது. ஒரு ஃபைபர் படகு வாங்கித் தொழில் செய்தால் என்ன?" என்பதே அது.

செய்யலாம். ஆனால் முதல் ஆண்டில் படகு வாங்க வேண்டாம் என்பதே என் யோசனை. அந்த ஓராண்டு வேறொருவர் படகில் பங்காளாகப் போய் வாருங்கள். எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் பங்கு பிரிப்பார்கள். படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு உண்டு. எத்தனை பங்கு என்பது ஊருக்கு ஊர் மாறும். புதியவருக்கு அரைப் பங்குதான் கிடைத்தாலும் அது நஷ்டமல்ல. கடன் வாங்காமல் தொழில் கற்கிறீர்கள். நான்கு பருவத்துக் காற்றையும் கண்ணால் பார்த்து விடுகிறீர்கள்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் அந்த நாளில் கரையில் நின்று பாருங்கள், கடல் ஏரி போலத் தெரியும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை. புதியவர் இதைப் பார்த்து, கடல் அமைதியாக இருக்கிறது என்று படகைத் தள்ளி விடுவார். நான்கைந்து மைல் போன பிறகுதான் அலை தெரியும். திரும்பும் வழி முழுவதும் எதிர்காற்று. அப்போது என்ஜின் நின்று விட்டால் படகு ஆழ்கடலுக்குத்தான் போகும். கொண்டல் அடிக்கும் நாளில் இது தலைகீழ். நின்ற படகைக் காற்று கரைக்குக் கொண்டுவரும், ஆனால் உடையும் அலைக்குள் குறுக்காகக் கொண்டுவந்து போடும். ஆகவே படகைத் தள்ளும் முன், "இந்த நிமிடம் என்ஜின் நின்றால் படகு எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் இந்தக் கணக்கு மாறும். அங்கே ஆனி, ஆடியில்தான் கரையலை மிகக் கடுமை.

அடுத்தது கரையலையைக் கடப்பது. ஆபத்து ஆழ்கடலில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சிறு படகுகள் கவிழ்வது பெரும்பாலும் கரைக்கு அருகே, அலை உடையும் இடத்தில்தான். பெரிய அலைகள் கூட்டமாக வரும். அவை போனபின் சிறிது ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வை எண்ணிப் பார்த்துத்தான் அனுபவசாலிகள் படகை விடுகிறார்கள். அணியம், அதாவது படகின் முன்பக்கம், அலைக்கு நேராக இருக்க வேண்டும். திரும்பி வரும்போது ஓர் அலையின் முதுகுக்குப் பின்னாலேயே வர வேண்டும். அதை முந்தக் கூடாது. முந்தினால் படகின் முன்பக்கம் பள்ளத்தில் குத்தும், பின்பக்கம் திரும்பும், அடுத்த அலை குறுக்கே அடிக்கும். ஆற்று முகத்துவாரத்தில் வடிநீர் வெளியே பாயும் நேரம் இன்னும் மோசம். இவற்றை நான் மேடையில் சொல்லி நீங்கள் கற்க முடியாது. மற்றவர் படகில் ஓராண்டு போகச் சொன்னதற்கு இதுவே முதற் காரணம்.

இனிப் படகு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. பழைய படகு குறைந்த விலைக்கு வரும். சாயம் புதிதாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். வெடிப்பை மறைக்கவும் சாயம் அடிப்பார்கள். அடிப்பகுதியையும், என்ஜின் பூட்டும் இடத்தையும் விரலால் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாகக் கேட்கும் இடத்தில் நாரிழை பிரிந்திருக்கலாம். நல்ல ஃபைபர் படகில் மிதப்பு அறைகள் உண்டு. அவற்றில் அடைத்த நுரைப்பொருள் நீர் குடித்திருந்தால் படகு கவிழும்போது மிதக்காது. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு படகு பாருங்கள்.

வால் நீண்ட டீசல் என்ஜின் உங்களுக்குப் புதிதல்ல; பம்புசெட் என்ஜினுக்கு அது நெருங்கிய உறவு. வயலில் நின்றால் பயிர் ஒரு நாள் வாடும், அவ்வளவுதான். கடலில் அப்படியல்ல. உப்பு எல்லாவற்றையும் அரிக்கும். திரும்பியவுடன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். எண்ணெய்க் கணக்கு இப்படி இருக்கட்டும்: போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. எதிர்காற்றில் வரும்போது அந்தக் கையிருப்பு தேவைப்படும்.

என்ஜின் நின்றால் முதல் வேலை அதைத் திறந்து பார்ப்பதல்ல, நங்கூரம் போடுவது. திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் அரைமணி நேரத்தில் படகு எங்கோ போய்விடும். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். காற்று நாளில் ஐந்து மடங்கு. நங்கூரம் எட்டாத ஆழமானால் வலையையோ வாளியையோ கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து விடுங்கள். அது நீரில் இழுபட்டு முன்பக்கத்தை அலைக்கு நேராக வைக்கும்.

மிதவைச் சட்டையைப் பலர் வாங்கி வீட்டில் ஆணியில் மாட்டி வைக்கிறார்கள். கரையலையைக் கடக்கும்போதாவது அது உடம்பில் இருக்க வேண்டும். கிணற்றில் நீந்தத் தெரிந்தவர் கடலில் நீந்தத் தெரிந்தவர் ஆகமாட்டார். படகு கவிழ்ந்தால் அதை விட்டுக் கரைக்கு நீந்த வேண்டாம். படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள். தேடி வருவோர் கண்ணுக்குத் தலை தெரியாது, படகு தெரியும். துடுப்பு, கத்தி, டார்ச், குடிநீர் ஆகியவை நிரந்தரமாகப் படகில் இருக்கட்டும். வலை சுழலியில் சிக்கும்போது கத்தியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கைப்பேசியை நம்பலாம், ஆனால் சில மைலுக்கு அப்பால் அது வெறும் கடிகாரம். அலைவரிசைக் கருவி வைத்திருப்போர் 16-ஆம் சேனலில் உதவி கேட்கலாம். கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற எண்களைப் படகிலேயே சாயத்தால் எழுதி வையுங்கள். கரையில் ஒருவரிடம் எந்தத் திசையில், எத்தனை பாகம் ஆழத்துக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போவதற்குக் காசு செலவில்லை.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் எந்த எண் என்று ஆராய்ந்து கொண்டிராமல் படகைக் கரைமேல் ஏற்றிவிடுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி மிக விரைவாகப் புயலாக வலுத்தது. முன்னரே கடலில் தங்கித் தொழில் செய்யப் போயிருந்த பலருக்குச் செய்தி எட்டவில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை புதியவர் காலையில் போய் அன்றே திரும்பும் தொழிலோடு நிற்பது நலம். வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையும், ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பும் நாள்தோறும் கிடைக்கின்றன.

சட்டத்தையும் ஊர் முறையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். படகை மீன்வளத் துறையில் பதிவு செய்து எண் எழுத வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உங்கள் படகு எந்த வகையில் சேர்கிறது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா எல்லைக்குள் வருபவை. கடல் அட்டையும் கடல் குதிரையும் வலையில் வந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். படகு ஏற்றும் கரைக்கு மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. அவர்களிடம் முறையாகக் கேட்காமல் படகை இறக்குவது, மடை முறையைக் கேட்காமல் வாய்க்காலைத் திறப்பதற்குச் சமம். நாளை உங்களைத் தேடிக் கடலில் வரப்போவதும் அவர்களே.

கடைசியாகப் பணம். உழவர் கடன் அட்டை 2018-19 முதல் மீன்பிடித் தொழிலுக்கும் உண்டு. ஆனால் அது நடைமுறைச் செலவுக்கான கடன், படகு வாங்க அல்ல. படகுக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். தவணை நெருங்கும் வாரத்தில்தான் மனிதன் கூண்டு ஏற்றிய நாளிலும் படகைத் தள்ளுகிறான். உங்களோடு ஓராண்டு தொழில் செய்த இருவர், மூவர் சேர்ந்து பங்குக்கு வாங்கினால் ஒருவர் தலையில் சுமை விழாது. யார் எவ்வளவு போட்டார்கள், வலை கிழிந்தால் யார் செலவு, ஒருவர் விலகினால் என்ன கொடுப்பது என்பதைப் படகு வரும் முன்பே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதிய தாளின் படி ஒவ்வொன்று ஆளுக்கு ஒன்றாக வீட்டில் இருக்கட்டும்.