கடல் கடந்தவரின் வாக்கு



தேர்தல் நெருங்கினால் திருப்பனந்தாள் வட்டாரத்தில் வீடு வீடாகப் பூத் சிலிப் கொடுக்க வருவார்கள். "பெரியவன் துபாயில, சின்னவன் சிங்கப்பூர்ல இருக்கான்" என்பார் தாயார். பெற்றவர்களின் சிலிப் மட்டும் கைமாறும். அந்தப் பிள்ளைகள் இருவரும் இந்தியக் குடிமக்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பம்புசெட் ஓடுகிறது, தங்கை கல்யாணம் நடக்கிறது. வாய்க்கால் தூர்வாரவில்லை என்றால் அவர்கள் வயலும்தான் காய்கிறது.

இவர்களின் வாக்குரிமையைச் சட்டம் 2011-லிருந்து ஏற்றிருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர், பாஸ்போர்ட்டில் உள்ள சொந்த ஊர் முகவரியை வைத்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். திருப்பனந்தாள்காரர் என்றால் திருவிடைமருதூர் சட்டமன்றத் தொகுதி, மயிலாடுதுறை மக்களவைத் தொகுதி.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வாக்களிக்க அசல் பாஸ்போர்ட்டோடு வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். கட்டட வேலைக்குப் போனவருக்கு லீவு கிடைப்பதே பெரும்பாடு. டிக்கெட்டுக்கு எங்கே போவார்? 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பதிவு செய்திருந்த வெளிநாடுவாழ் வாக்காளர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அதிலும் 2,670 பேர் கேரளத்தில். மனம் கனக்கிறது.

அதே துபாயில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர், 2004-லிருந்து அங்கிருந்தபடியே தன் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கிறார். நமக்கும் வழி தேடாமல் இல்லை. ஊரில் உள்ள ஒருவர் பதிலாளாக வாக்களிக்கலாம் என்ற மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே காலாவதியானது. மின்னணுத் தபால் வாக்குக்குத் தயார் என்று தேர்தல் ஆணையம் 2020-ல் மத்திய அரசுக்கு எழுதியது. ராணுவத்தினருக்கு ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடு அது. பாலைவன வெயிலில் கம்பி கட்டுகிறவருக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பதிவு செய்தவர்கள் தொகை கூடினால்தான் கோரிக்கைக்கு வலு. அடுத்த முறை பிள்ளை போன் செய்யும்போது, பெயர் சேர்க்கும் 6-ஏ படிவம் பற்றிச் சொல்லுங்கள். ஆன்லைனிலேயே அனுப்பலாம், கட்டணம் கிடையாது. புகைப்படமும், விசா முத்திரையோடு பாஸ்போர்ட் நகலும் வேண்டும். ஊர் திரும்பும் லீவு தேர்தலோடு சேர்ந்து வந்தால், அசல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வரிசையில் நிற்கச் சொல்லுங்கள்.