கரி உப்புவதும் சுருங்குவதும்

மழை மாதத்தில் பலகைக் கதவு உப்பி, நிலையில் இறுகிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். கரித்துண்டும் அப்படி உப்பும் என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால், அது உண்மைதான்.

தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, கடுஞ்சூட்டில் நீராவியைச் செலுத்துவார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடி கோடியாய் உண்டாகும். அப்படிப்பட்ட கரி ஒரு கிராம் எடுத்து, அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால், ஏறத்தாழக் கால் ஏக்கர் நிலத்தை மூடும்! பெட்ரோல், சைலீன் போன்றவற்றின் ஆவி அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர்.

கரியமில வாயுவை ஏற்ற கரி நீள்கிறது என்பதை 1927இல் மீஹான் என்பவர் அளந்து காட்டினார். 1947இல் ஹெய்ன்ஸ், மக்கின்டாஷ் இருவரும் கரிக்கோல்களில் ஆவிகளை ஏற்றிப் பார்த்தார்கள். கோல் முதலில் சற்றுச் சுருங்கி, அதன் பிறகே நீள்வதும் உண்டு என்று கண்டார்கள்.

ஏன் சுருங்க வேண்டும்? ஒரு பிள்ளை அப்பாவை ஒரு கையிலும் அம்மாவை ஒரு கையிலும் பிடித்து இழுத்தால் இருவரும் நெருங்கி வருவார்கள் அல்லவா? ஒடுக்கமான துளைக்குள் முதலில் நுழையும் சில மூலக்கூறுகளும் இரண்டு பக்கச் சுவர்களையும் அப்படித்தான் இழுக்கின்றன. அதே கட்டிலில் ஆறு பிள்ளைகள் ஏறிப் படுத்தால்? ஓரத்தில் படுத்தவர் பாடு திண்டாட்டம்தான். துளை நிறைய நிறைய, மூலக்கூறுகள் சுவரைத் தள்ளுகின்றன, கரி உப்புகிறது.

எவ்வளவு உப்பும்? பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட இராது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நமக்கு ஆபத்து இதில்தான் இருக்கிறது.

மருந்து கலக்குபவர் அணியும் முகமூடியின் பக்கவாட்டுக் குப்பியில் இருப்பது இந்தக் கரியே. பல பூச்சிமருந்துகளைச் சைலீன் போன்ற எண்ணெயில் கரைத்திருப்பார்கள். என் மாணவன் ஒருவனின் தந்தை, தம் முகமூடியை மருந்து ஸ்டோரிலேயே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். "கரி புதுசு மாதிரியே இருக்கு சார், ஆனா தலைவலி மட்டும் விடல" என்றார். ஆணியில் தொங்கினாலும் கரி ஸ்டோரில் உள்ள ஆவியை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றும் துளைகளில் இடம் பிடித்துக்கொள்ளும். நிறைந்த கரிக்கும் புதுக் கரிக்கும் பார்வையில் வேறுபாடு இல்லை.

ஆகவே, வேலை முடிந்ததும் முகமூடியைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, ஸ்டோருக்கு வெளியே வையுங்கள். குப்பியைக் கழுவாதீர்கள். பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். முகமூடிக்குள் மருந்து வாடை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாடை வந்தால் கரி முன்பே நிறைந்துவிட்டது. மருந்துத் துளிகளைத் தடுக்கக் கரி போதாது, அதற்கென உள்ள வடிகட்டியையும் சேர்த்து மாட்ட வேண்டும். கைக்குட்டை ஆவியைத் தடுக்காது.

புதுக் குப்பி கேட்கத் தயங்குகிறவர்கள் உண்டு. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி கொடுக்கவேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. நாளைக் காலைப் பெரட்டில் மண்டோரிடம் கேளுங்கள்.