கை வெடிப்புக்கு முதல் மருந்து

(கம்போங் ராஜாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய சொற்பொழிவு)



உங்கள் உள்ளங்கையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். வெடிப்பு, தடிப்பு, அரிப்பு, நகக்கண்ணில் புண் – இவற்றில் ஒன்றேனும் இல்லாத கை இங்கே எத்தனை? பனியில் நனைந்த செடி, மழை, உரம், பூச்சி மருந்து, நாள் முழுதும் ஈரச் சப்பாத்து ஆகியவை செய்த வேலை இது. ரப்பர்ப் பாலில் அமிலம் கலக்கும் தோழர்களின் கையும் இதற்கு விலக்கன்று.

நோய் புதிதன்று. ஆயுர்வேத மூலநூலாகிய சரக சம்ஹிதை, தோல் நோய்களைக் 'குஷ்டம்' என்ற பெயரால் 18 வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் கைகால் வெடித்து வலிப்பது 'விபாதிகா'. அரித்து நீர் வடிவது 'விசர்ச்சிகா'. ஆகவே வைத்தியர் 'குஷ்டம்' என்றதும் தொழுநோய் என்று அஞ்சி யாரும் மறைக்க வேண்டாம். ஆனால் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் உடனே அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். தொழுநோயும் இன்று மாத்திரையால் குணமாகிறது.

விபாதிகாவுக்குச் சரகர் நூல் கூறும் மருந்து ஜீவந்தியாதி யமகம். நெய்யும் எண்ணெயும் மூலிகையோடு காய்ச்சி, குங்கிலியமும் தேன்மெழுகும் சேர்த்த களிம்பு அது. மெழுகு வெடிப்பை மூடுகிறது. நெய்யும் எண்ணெயும் தோலின் ஈரம் போகாமல் காக்கின்றன. டாக்டர் பூசச் சொல்லும் வாசலினும் இவ்வேலையையே செய்கிறது. யமகத்தில் மயில்துத்தமும் சேர்வதால் வீட்டில் காய்ச்ச வேண்டாம்.

இரவுச் சந்தையில் விற்கும் பெயரில்லாக் களிம்பிடம் எச்சரிக்கை! ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் ஆற்றும். நிறுத்தியதும் நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பும். நாளடைவில் தோல் மெலியும். 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதேனும் இருந்தது. ஆதலால் சுகாதார அமைச்சின் எம்.ஏ.எல். பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

தோழர்களே, ஆயுர்வேதத்தின் முதல் விதி 'நிதான பரிவர்ஜனம்'. அதாவது நோயின் காரணத்தை விலக்குதல். இரவில் களிம்பு பூசிக் காலையில் வெறுங்கையால் உரம் அள்ளினால் எந்த மருந்து பலிக்கும்? கையுறை, நீர் புகாத சப்பாத்து, வேலை முடிந்ததும் கழுவ நல்ல நீர், சோப்பு – இவையே முதல் மருந்து. இவற்றைக் கேட்பது பிச்சையன்று. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை. அச்சட்டத்தின்படி தரும் சாதனத்துக்குக் கூலியில் பிடித்தம் செய்யவும் கூடாது.

வேலையால் வரும் தோல் நோய், 1969-ஆம் ஆண்டின் சொக்சோ சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலும் உண்டு. 2019 முதல் நம்மோடு உழைக்கும் அயல்நாட்டுத் தோழர்களுக்கும் வேலைக் காயத் திட்டப் பாதுகாப்பு கிடைத்துள்ளது. டாக்டரிடம் போகும்போது கையை மட்டும் காட்டாதீர்கள். என்ன வேலை, என்ன மருந்து அடிக்கிறோம் என்பதையும் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

தொழிலாளியின் மூலதனம் இந்தக் கைதான். அதை நாமே காப்போம்.