யார் கேட்ட முகம்?



ஓவியர் ஒருவர் தன் முகத்தைத் தானே அச்சாக்குவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என் பாட்டியின் பழைய ஐ.சி.யிலிருந்து, அதாவது அடையாள அட்டையிலிருந்து, தொடங்குகிறேன். 1948-இல் மலாயாவில் அவசரகாலம் வந்ததும் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிந்தார்கள். ஒரு போட்டோ, ஒரு பெருவிரல் ரேகை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்த களைப்போடு பாட்டி அதில் முறைத்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தைக் கேட்டது சர்க்கார், பாட்டி அல்ல.

தன் முகத்தைத் தானே கேட்ட ஒரு பெண் ஜெர்மனியில் இருந்தார். கேத்தே கோல்விட்ஸ், 1867-இல் பிறந்தவர். கணவர் பெர்லினில் தொழிலாளர் பகுதி மருத்துவர். வைத்தியத்துக்கு வந்த பெண்களை வரைந்த அதே கை, தன் முகத்தையும் நூறு தடவைக்கு மேல் வரைந்தது, செதுக்கியது. 1914-இல் மகன் பீட்டர் போர்க்களத்தில் இறந்தான். அதன் பிறகு அவர் மரச்செதுக்குக்கு வந்தார். கட்டிக் கறுப்பிலிருந்து நெற்றியும் கன்னமும் மட்டும் மேலே வரும் முகங்கள் அவை.

மகனை இழந்த தாயின் துக்கம் என்று அதைச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. கோல்விட்ஸ் பசித்த வீட்டுப் பெண் அல்லர். பசித்தவர்களை வரைய எனக்கென்ன உரிமை என்று தன் முகத்தையே நிறுத்தி விசாரித்தார் என்றுதான் நான் படிக்கிறேன். அதை ஏன் அச்சில் செய்தார்? எண்ணெய் ஓவியம் ஒரு பணக்காரர் சுவரோடு நின்றுவிடும். அச்சுத்தாள் பல கைக்குப் போகும். 1933-இல் நாஜிகள் அவரைக் கலைக்கழகத்திலிருந்து விலக வைத்தார்கள். 1938-இல், எழுபது கடந்த வயதில், தோள் சரிந்த தன் பக்கவாட்டு முகத்தைக் கல்லச்சில் கொண்டுவந்தார். அப்போதும் விசாரணை முடியவில்லை.

இன்னொன்று கவனியுங்கள். கண்ணாடி நம் முகத்தை இடவலம் மாற்றிக் காட்டும். அதைப் பார்த்து மரத்தில் செதுக்கி அச்சிட்டால் மறுபடியும் புரளும். தாளில் வருவது நாம் கண்ணாடியில் பார்க்கும் முகமன்று; ஊர் நம்மைப் பார்க்கும் முகம்!

இதெல்லாம் தோட்டத்து மக்களான நமக்கு அந்நியமா? பட்டையில் கோடு கீறி, அந்தக் கோட்டில் பால் ஓடவிட்டோம். செப்புத்தகட்டில் கீறிய கோட்டில் மை நிற்பதும் அப்படித்தான். உறைந்த பாலை உருளைகளுக்கு நடுவே கொடுத்து வரிவரியாய் ஷீட்டு எடுத்தோம். அச்சுப்பட்டறையில் தாளும் உருளைக்கு அடியில்தான் போகிறது. உளியும் உருளையும் நம் கையில் இருந்தன. முகம் மட்டும் ஐ.சி.யில் இருந்தது.

அதனால் பேரப்பிள்ளைகளே, ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் இன்னும் நம்மோடிருக்கும் பாட்டிமாரை நீங்கள் வரைந்துவிடாதீர்கள். அவர்கள் முன்னால் ஒரு கண்ணாடி, ஒரு பலகை, ஓர் உளி வையுங்கள். மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிய கைகள் அவை. எவ்வளவு ஆழம் போகலாம் என்று அந்தக் கைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.