குடியை விட்டவர்களின் கூட்டம்

(தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



குடியின் கேட்டைப் பற்றி உங்களுக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை. சம்பள நாளன்று இருட்டும்வரை வாசலில் காத்து நிற்கும் தாய்மார்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். குடியை விட நினைக்கும் தொழிலாளி எங்கே போவது, அங்கே என்ன நடக்கும் என்ற ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறேன்.

குடிக்கு அடிமையானவனை உறுதியில்லாதவன் என்று ஏசுகிறோம். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறோம். அந்த நேரத்தில் அவன் மனதாரத்தான் சத்தியம் செய்கிறான். ஆனால் மறுநாளே கை நடுங்குகிறது, தூக்கம் போகிறது, கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிறது. இது நோய். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில் இடம் பெற்ற நோய். நோய்க்குச் சத்தியம் மருந்தாகுமா?

பின் எது மருந்து? அமெரிக்காவின் ஆக்ரன் நகரம் டயர் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது. 1935-ல் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் அங்கே வந்தார். குடியை விட்டு ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. வந்த காரியம் தோற்றது. குடிக்கும் ஆசை மீண்டும் தலைதூக்கியது. அப்போது அவர் தேடிப் போனது தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியை. அவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். ஊர் சொன்ன புத்தியெல்லாம் மாற்றாத அந்த மருத்துவரை, அதே துன்பத்தைப் பட்டவரின் பேச்சு மாற்றியது. சொன்னவரும் குடிக்காமல் தப்பினார், கேட்டவரும் தப்பினார். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற ஸ்தாபனம் இப்படித்தான் பிறந்தது. சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். இந்தியாவில் 1957-லிருந்து நடந்து வருகிறது. தமிழில் பேசும் குழுக்களும் உண்டு.

அங்கே போனால் என்ன கேட்பார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சாதி கேட்பதில்லை, உத்தியோகம் கேட்பதில்லை, கட்டணம் இல்லை. குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. பெயரை மட்டும் சொன்னால் போதும். கூட்டத்தை நடத்துபவரும் ஒரு குடிநோயாளிதான். ஒருவர் தம் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். முதல் நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வாழ்நாள் முழுவதற்கும் சபதம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு என்பார்கள். நாளைக்கு நாளை. செலவுக்கு உறுப்பினர்கள் போடும் சில்லறைதான்; வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை.

கடவுள் என்ற சொல் அங்கே அடிபடும். அதைக் கேட்டு எழுந்து வந்துவிட வேண்டாம். அவரவர் புரிந்துகொண்டபடி என்று விட்டுவிடுகிறார்கள். நம்பிக்கையில்லாதவர்கள் அந்தக் கூட்டத்தையே தங்களைவிடப் பெரிய சக்தியாகக் கொள்கிறார்கள். ஒற்றை ஆளைவிடச் சங்கம் பெரிது என்று அறிந்த நமக்கு இது புரியாததா?

இது பலன் தருமா? 10,565 பேர் பங்குகொண்ட 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2020-ல் வெளிவந்தது. குடியை அறவே விட்டிருப்பதில், இந்தக் கூட்டங்களில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிட மேலாகவே இருக்கிறது என்று அது கண்டது. எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. வழுக்கி விழுபவர்கள் உண்டு. விழுந்தவருக்கும் அங்கே நாற்காலி காத்திருக்கும். ஒரு குழு ஒத்துவரவில்லையா? வேறு குழுவுக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று அங்கேயே விசாரியுங்கள். 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். கிழமை, நேரம், எந்த மொழியில் நடக்கிறது, முதல்முறை வருபவர் வரலாமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். மாதா கோவில் கூடத்தில் நடந்தால் அது மதக் கூட்டம் என்று எண்ண வேண்டாம். வாடகைக்குக் கிடைத்த இடம், அவ்வளவுதான்.

தாய்மார்களே! கணவன் குடிப்பது உங்கள் குற்றமல்ல. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951-ல் தொடங்கிய 'அல்-அனான்' என்ற அமைப்பு இருக்கிறது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. அதை எதிர்க்கும் போராட்டம் ஏ.ஏ.வின் வேலையல்ல, எந்த வெளி விவகாரத்திலும் அது தலையிடுவதில்லை. அந்தப் போராட்டம் நம் வேலை. ஆனால் கடைகள் மூடப்படும் நாள்வரை, இன்றிரவு கை நடுங்க உட்கார்ந்திருக்கும் தோழன் காத்திருக்க முடியுமா?

ஆகவே கூட்ட நாளில் அவனுக்காக ஷிப்டு மாற்றிக் கொடுங்கள். போனஸ் நாளில் 'ஒரு கிளாஸ்தானே' என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கூட்டத்துக்குப் போய் வந்தவனைக் கேலி செய்யும் வாயை அடக்குங்கள். முதல் நாள் அந்த வாசலைத் தாண்டுவதுதான் அவனுக்கு மலை. வாசல்வரை ஒருவர் கூடப் போங்கள். உள்ளே அவனைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.