மௌனம் சம்மதம் அல்ல
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய சிந்தனைக்கு நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பாபிலோனிய அடிமைத்தனம் முடிந்து மக்கள் நாடு திரும்பிவிட்டார்கள். எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு கூக்குரல் எழுகிறது. அது பகைவரை எதிர்த்து எழுந்த குரல் அல்ல, சொந்தச் சகோதரரை எதிர்த்து எழுந்த குரல். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலை அடகு வைத்தோம், வீட்டை அடகு வைத்தோம், அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், இப்போது பிள்ளைகளையே அடிமைகளாக விடும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று மக்கள் அழுகிறார்கள். ஆண்களோடு அவர்களின் மனைவியரும் சேர்ந்தே முறையிட்டார்கள் என்று திருவிவிலியம் குறிப்பிட்டுச் சொல்கிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு இதற்கு வருவோம்.

நெகேமியா கடன் கொடுத்த பெரியவர்களைக் கண்டித்தார். நிலத்தையும் வீட்டையும் திருப்பிக் கொடுங்கள், வாங்கிய நூற்றில் ஒரு பங்கையும் திருப்பிக் கொடுங்கள் என்றார். நூற்றில் ஒரு பங்கு என்பது மாத வட்டி என்றே விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது 'ஒரு வட்டி'. அந்த ஒரு வட்டிக்கே அவ்வளவு கண்ணீர்!

அன்பார்ந்தவர்களே, இன்று நம்மில் பலருடைய பையில் கிரெடிட் கார்டு இருக்கிறது. முழுத் தொகையையும் உரிய தேதிக்குள் கட்டாமல் பாக்கி வைத்தால் பல வங்கிகள் மாதம் மூன்றரை வட்டி, அதற்குச் சற்று மேலும் வாங்குகின்றன. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டும். எபிரேய மொழியில் வட்டிக்கு வழங்கும் சொற்களில் ஒன்று 'நெஷெக்'. கடிப்பது என்ற பொருளில் பிறந்த சொல் அது. வட்டி மெல்லக் கடிக்கும். ஆனால் ஒரே கடியாகக் கடிக்கும் ஒன்றும் இருக்கிறது. அதுதான் கார்டின் வரம்பைத் தாண்டினால் விழும் அபராதக் கட்டணம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கார்டின் வரம்பு 50,000 ரூபாய். ஏற்கெனவே 48,000 செலவாகிவிட்டது. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல், மருத்துவமனையில் 3,000 ரூபாய் பில். கார்டைத் தேய்க்கிறார்கள், பணம் போய்விடுகிறது. தாண்டியது 1,000 ரூபாய்தான். பல வங்கிகளின் கணக்கு இப்படி: தாண்டிய தொகையில் இரண்டரை விழுக்காடு, ஆனால் குறைந்தது 500 ரூபாய். இரண்டரை விழுக்காடு என்றால் 25 ரூபாய். விழுவதோ 500 ரூபாய். அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 90 ரூபாய். ஆக, 1,000 ரூபாய் தாண்டியதற்கு 590 ரூபாய்! நூறு, இருநூறு மட்டும் தாண்டினாலும் இதே 590 தான்.

"வரம்புக்குள் செலவு செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வரம்பு என்பது நம் வருமானம் அல்ல, நாம் திருப்பிக் கட்ட வேண்டிய கடனின் எல்லை. ஆனால் பலர் தெரியாமலே தாண்டுகிறார்கள். தவணையில் போன் வாங்கினால் மாதத் தவணை மட்டுமல்ல, மீதமுள்ள அசல் முழுவதும் வரம்பிலிருந்து கழிந்திருக்கும். மாதந்தோறும் தானாகப் பிடித்துக்கொள்ளும் கட்டணங்களும் இருக்கும். நம் மனக்கணக்கு ஒன்று, வங்கிக் கணக்கு வேறொன்று.

'மௌனம் சம்மதம்' என்பது நம் பழமொழி. கடன் விஷயத்தில் இந்தப் பழமொழி நமக்கு உதவாது. நாம் கலைக்க வேண்டிய மௌனங்கள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, வங்கியின் முன் நாம் காக்கும் மௌனம். அமெரிக்காவில் 2009இல் இயற்றப்பட்ட சட்டம், வாடிக்கையாளர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் அன்றி வரம்பு தாண்டியதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. நம் நாட்டிலும் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கிரெடிட் கார்டு விதிகளில், கார்டு வைத்திருப்பவரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் வரம்பு தாண்டப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. 2022 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. அதாவது, நம் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே, வங்கியின் செயலியைத் திறந்து, வரம்பு தாண்டும் வசதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வேண்டாம் என்றால் மூடிவிடுங்கள். செயலி பழக்கமில்லாதவர்கள் கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். கட்டணம் விழுந்துவிட்டதா? "இதற்கு நான் எப்போது ஒப்புதல் கொடுத்தேன்?" என்று எழுத்து மூலம் கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஒப்புதல் கொடுத்தது நாமே என்றாலும், ஒருமுறை தள்ளுபடி செய்யுங்கள் என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கேட்டவர்களுக்குத் திருப்பித் தருவதும் உண்டு. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இந்தக் கட்டணத்தைக் கட்ட இன்னொரு கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் எடுத்த நாளிலிருந்தே ஓடும்.

இரண்டாவது, வீட்டுக்குள் நிலவும் மௌனம். நெகேமியாவிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து போனார்கள். நம் வீடுகளில் எத்தனை கணவர்கள் கார்டு பில்லை மனைவிக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள்! எத்தனை பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டே வாங்கிய கடனைப் பெற்றோரிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள்! மறைக்கும்போதுதான் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டித் தள்ளிப்போடத் தோன்றுகிறது. அப்போதுதான் மூன்றரை வட்டி நிம்மதியாக வளர்கிறது. மாதம் ஒருமுறை, இரவுச் செபம் முடிந்த பிறகு, பில்லை நடுவில் வைத்துக் குடும்பமாக உட்காருங்கள். குற்றம் சாட்டுவதற்காக அல்ல, கூட்டிப் பார்ப்பதற்காக. எதை முதலில் அடைப்பது, எந்தக் கார்டை மூடுவது என்று சேர்ந்து முடிவெடுங்கள். பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு, மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் வங்கி கார்டை மூட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

மூன்றாவது, நம் சமூகத்தின் மௌனம். இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஓர் அழகிய கட்டளை உண்டு. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கியவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு, ஒரு மானம் உண்டு என்கிறார் ஆண்டவர். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் வசூலிப்போர் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்வதும் அந்த வாசற்படியைக் காப்பதற்குத்தான். ஆனால் அந்த அழைப்புகளுக்குப் பயந்து ஒருவர் கோயிலுக்கே வராமல் ஒதுங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? "ஆடம்பரமாக வாழ்ந்தார், மாட்டிக்கொண்டார்" என்று பேசுகிறோம். நெகேமியா அப்படிப் பேசவில்லை. தாமும் தம் சகோதரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று சபை நடுவே சொல்லி, தம்மையும் சேர்த்துக்கொண்டே தீர்வு தேடினார்.

நம் அன்பியக் கூட்டங்களில் நோயுற்றோருக்காகச் செபிக்கிறோம். கடனில் தவிப்போருக்காகவும் செபிப்போம். வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள் நம் பங்கில் இருப்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார்ந்து, பில்லைப் படிக்கவும் புகார் எழுதவும் உதவினால், அதுவும் இரக்கச் செயல்தான்.

கூக்குரலைக் கேட்கும் ஆண்டவர், வாய் திறக்கும் துணிவை நமக்கும், செவிசாய்க்கும் மனத்தை நம் அயலாருக்கும் தருவாராக. ஆமென்.